வடுவூர் ஏரிக்கும் கோடியக்கரைக்கும் பொருந்தும் ஸ்பாட்டிங் ஸ்கோப் எது?

பாமணியாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மன்னார்குடிக்கு அருகில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எட்டு ஆண்டுகளாக ஒரு 8×42 பைனாகுலரை மட்டும் வைத்துக்கொண்டு வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகளில் பறவை பார்த்து வருகிறேன். வலசைக் காலத்தில் இரண்டு மூன்று முறை கோடியக்கரைக்கும் சென்றுவருவது வழக்கம். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் போன்ற பெரிய பறவைகளுக்குப் பைனாகுலரே போதுமானதாக இருக்கிறது. ஏரியின் நடுவில் அடர்ந்து மிதக்கும் வாத்துக் கூட்டத்திலும், சேற்றுத்திட்டில் ஓடி ஓடி மேயும் உள்ளான், உப்புக்கொத்தி வகைகளிலும்தான் ஒவ்வொரு முறையும் தோற்றுத் திரும்புகிறேன்.

சென்ற தை மாதம் வேதாரண்யம் உப்பளப் பக்கம் நின்றிருந்தபோது, ஒரு கொசு உள்ளான் கூட்டத்தில் ஒன்றின் காலில் ஆய்வாளர்கள் அடையாளத்துக்காகக் கட்டும் சிறு கொடி போன்ற பிளாஸ்டிக் பட்டை இருந்ததைக் கண்டேன். அதில் ஏதோ எழுத்து இருந்தது என்பது தெரிந்ததே தவிர, அரை மணி நேரம் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தும் என்ன எழுத்து என்று தெரியவில்லை. பிறகு கூட்டம் எழுந்து பறந்துவிட்டது. அன்றுதான் ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் நிறுத்தி ஒரு கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி) ஒன்றை வாங்கி, அதன் கண்வில்லையில் கேமராவைப் பொருத்திப் படம் எடுக்கும் டிஜிஸ்கோப்பிங் முறையைக் கற்றுக்கொள்வதென்று முடிவு செய்தேன்.

முக்காலி, அடாப்டர் உட்பட எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் என்னால் இயலாது. கையில் மூன்று ஆண்டு பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றும், 55-250 லென்ஸுடன் ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் இருக்கின்றன. முன்வில்லையின் விட்டம் 65 மி.மீ. உள்ள ஸ்கோப்பா, 80 மி.மீ. ஸ்கோப்பா? கண்வில்லை சாய்ந்திருப்பதா, நேராக இருப்பதா? படம் எடுக்கக் கைப்பேசி போதுமா, கேமராவையே பொருத்த வேண்டுமா? விளம்பரங்களில் 60 மடங்கு, 75 மடங்கு என்று போடுகிறார்களே, அதிகமானதை வாங்குவதுதான் நல்லதா? பள்ளியின் பசுமைப் படை மாணவர்களையும் ஏரிக்கு அழைத்துச் செல்வேன் என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.


கரைவெட்டிப் பயணி எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது. 75 மடங்கு என்று அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதை ஒரு குறையாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்வில்லையின் வழியே வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 80 மி.மீ. ஸ்கோப்பை 20 மடங்கில் வைத்தால் அது 4 மி.மீ.; அதே ஸ்கோப்பை 60 மடங்குக்குத் திருகினால் 1.3 மி.மீ. மட்டுமே. 65 மி.மீ. ஸ்கோப்பில் இவை முறையே 3.25, 1.1 மி.மீ. ஆகும். கைப்பேசியின் முதன்மைக் கேமராவின் ஒளித்துவாரம் பொதுவாக 3 மி.மீ. அளவில் இருக்கும் என்று கொண்டால், 20 மடங்கில் இரண்டு ஸ்கோப்புகளுமே அந்தத் துவாரத்தை முழுமையாக நிரப்பிவிடுகின்றன. 60 மடங்கிலோ, பெரிய ஸ்கோப்பில்கூட ஐந்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே போகிறது. கைப்பேசி அதை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ.வை (ஒளியுணர்திறனை) ஏற்றும், ஷட்டரை மெதுவாக்கும். விளைவு புள்ளி புள்ளியாக, அதுவும் அசைந்த படமாக வரும். நான் எடுத்தவற்றில் வைத்துக்கொள்ளத் தகுந்தவை பெரும்பாலும் 20 முதல் 35 மடங்குக்குள் எடுத்தவையே.

குறைந்த உருப்பெருக்கத்தில் எடுத்தால் பறவை சிறிதாக விழுமே என்று கவலைப்பட வேண்டாம். கைப்பேசியின் முதன்மைக் கேமரா 26 மி.மீ. லென்ஸுக்கு இணையானது என்று வைத்துக்கொண்டால், 20 மடங்கு ஸ்கோப்பின் பின்னால் அது 520 மி.மீ. லென்ஸாக மாறுகிறது. திரையில் இரு மடங்கு பெரிதாக்கினால் 1040. அவ்வாறு பெரிதாக்குவது எப்படியும் தேவைப்படும், ஏனெனில் கைப்பேசி பார்க்கும் கோணம் கண்வில்லை காட்டும் வட்டத்தைவிட அகலமானது. பெரிதாக்காவிட்டால் கிணற்றுக்குள்ளிருந்து வானத்தைப் பார்த்ததுபோல் படத்தைச் சுற்றிக் கருவளையம் விழும். இந்த வளையம் 20-60 ஸூம் கண்வில்லைகளின் 20 மடங்கு முனையில்தான் மிக அதிகம். 25 அல்லது 30 மடங்கில் நிலையாக இருக்கும் அகலக் கோணக் கண்வில்லை உங்கள் ஸ்கோப்புக்குக் கிடைக்குமானால் யோசிக்காமல் அதை வாங்குங்கள். கண்ணாடி அணிபவராக இருந்தால், கண்ணை 17 மி.மீ. தள்ளி வைத்தாலும் முழு வட்டமும் தெரிகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக்கும் அதே இடைவெளி உதவும்.

65-ஆ 80-ஆ என்பதற்கு வருகிறேன். 80 மி.மீ. வில்லை 65-ஐவிட ஒன்றரை மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. விடியற்காலையிலும், கொடியின் எழுத்தைப் படிக்க 40 மடங்குக்கு மேல் செல்லும்போதும் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். ஆயினும் உங்கள் தொகைக்குள் ஈ.டி. ஆடி (நிறக் கசிவைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடி) இல்லாத 80 மி.மீ. ஸ்கோப்பும், ஈ.டி. ஆடி உள்ள 65 மி.மீ. ஸ்கோப்பும் எதிரெதிரே வந்து நின்றால், நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். ஒரே நிறுவனமே இரண்டு வகையையும் ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் விற்பதால், பெயரைப் பார்த்து ஏமாறாமல் ஈ.டி. என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சாதாரண ஆடியில் வெண்கொக்கின் விளிம்பெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு ஓடும். கண் அதைப் பொறுத்துக்கொள்ளும், கேமரா பொறுத்துக்கொள்ளாது. இதைச் சோதிக்க உங்கள் ஊரைவிட வசதியான இடம் இல்லை. காலை வெளிச்சத்தில் இராஜகோபாலசுவாமி கோயிலின் கோபுரக் கலசத்தை வானத்தின் பின்னணியில் வைத்துப் பாருங்கள். கலசத்தின் ஓரத்தில் ஊதாவும் மறுபுறம் பச்சையும் கசிந்தால் ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால், திருப்பி அனுப்பும் காலக்கெடுவைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். எனக்கு வந்த முதல் ஸ்கோப்பில் பட்டகம் இடம் பெயர்ந்திருந்தது. குறைந்த மடங்கில் குறை ஒன்றும் தெரியவில்லை. 40-ஐத் தாண்டினால் எவ்வளவு திருகினாலும் ஃபோகஸ் ஒரு புள்ளியில் நிற்கவில்லை. கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து, கண் மருத்துவரிடம் போய்வந்த பிறகே குறை பொருளில் இருப்பது புரிந்தது. அதற்குள் கெடு முடிந்திருந்தது.

மாணவர்களுக்குக் காட்டுவதென்றால் சாய்ந்த கண்வில்லையே நல்லது. முக்காலியை உங்கள் மார்பளவில் நிறுத்திவிட்டால், ஆறாம் வகுப்புச் சிறுவனும் நீங்களும் உயரத்தை மாற்றாமலே பார்க்கலாம். முக்காலி தாழ்ந்திருப்பதால் காற்றுக்கும் குறைவாக ஆடும். கண்காணிப்புக் கோபுரத்தின் மேலேறிக் கீழே பார்க்கும்போது மட்டும் அது சற்றுத் தொல்லை கொடுக்கும்.


நாகைக் காற்று எழுதியது:

மேலே உள்ள விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் இவ்வளவு சுற்றிவளைக்க வேண்டுமா என்பதே என் ஐயம். நிக்கான் கூல்பிக்ஸ் பி900 கேமரா 2015-லேயே 2000 மி.மீ.க்கு இணையான ஸூமுடன் வந்துவிட்டது. 2018-இல் வந்த பி1000 அதை 3000 மி.மீ. வரை கொண்டுபோனது. அடாப்டர் வேண்டாம், கருவளையம் இல்லை, பறவை எழுந்து பறந்தால் பின்னாலேயே திருப்பிப் படமெடுக்கலாம். ஸ்கோப்பின் மேல் கைப்பேசியை மாட்டி, பறவையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அது இலங்கைக்கே போய்விடும். கோடியக்கரையில் இத்தகைய கேமராவை வைத்துத்தான் கொடி எழுத்துகளைப் படித்து வருகிறேன். டிஜிஸ்கோப்பிங் என்பது, என்னைப் பொறுத்தவரை, ஏற்கெனவே ஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கான உபரி வசதி.


கொள்ளிடம் வடகரை எழுதியது:

காற்று அண்ணன் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது இன்னும் தெளிவாகும். பி1000-இன் உண்மையான குவியத் தொலைவு முழு ஸூமில் 539 மி.மீ., துளை எஃப் 8 (அதாவது குவியத் தொலைவில் எட்டில் ஒரு பங்கு விட்டம்). ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 67 மி.மீ. வருகிறது. அதாவது அந்தக் கேமராவின் மூக்கில் இருப்பது ஏறத்தாழ ஒரு 65 மி.மீ. ஸ்கோப்பின் முன்வில்லைதான். ஆகவே, படம் மட்டுமே நோக்கமென்றால் ஆசிரியை அவர்கள் அந்த வழியில் போவதில் எந்தத் தவறும் இல்லை.

ஆனால் அவருடைய கேள்வியை மீண்டும் படியுங்கள். வாத்துக் கூட்டத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்க வேண்டும், மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்கிறார். கேமராவின் சிறு திரை வழியே இரண்டு மணி நேரம் ஏரியை அலசினால் தலைவலிதான் மிஞ்சும். ஸ்கோப்பின் வழியே பார்ப்பது கண்ணால் பார்ப்பது. ஊசிவால் வாத்துகளுக்கு நடுவே ஒரேயொரு வேறு வாத்து நீந்தினாலும் அது தானாகக் கண்ணில் விழும். பார்வைக்கு ஸ்கோப், பதிவுக்குக் கைப்பேசி என்ற இந்த ஏற்பாடே தற்செயலாகப் பிறந்ததுதான். 1999-இல் மலேசியப் பறவை நோக்கர் லாரன்ஸ் போ, ஸ்கோப்பின் கண்வில்லையில் தம் சிறிய டிஜிட்டல் கேமராவை வைத்துப் பார்த்ததிலிருந்து இந்த முறை உலகெங்கும் பரவியது.

டி.எஸ்.எல்.ஆர். பற்றி நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் 55-250 லென்ஸை ஸ்கோப்பின் பின்னால் மாட்ட முயலாதீர்கள். அதன் முன்கண்ணாடி பெரியது, ஒளித்துவாரம் அதற்குள் வெகு ஆழத்தில் இருக்கிறது. கண்வில்லையின் ஒளிக்கற்றை அங்கே போய்ச் சேர்வதற்குள் விரிந்து சிதறி, படத்தில் கருவளையமே மிஞ்சும். கேமராவைத்தான் பொருத்துவேன் என்பவர்கள் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (ஒரு சிறிய சென்சார் அளவு) வகைச் சிறிய மிரர்லெஸ் கேமராவில் 20 மி.மீ. போன்ற தட்டையான லென்ஸை மாட்டிப் பயன்படுத்துகிறார்கள். 80 மி.மீ. ஸ்கோப்பை 30 மடங்கில் வைத்து அதனுடன் சேர்த்தால் குவியத் தொலைவு 600 மி.மீ., முழுச் சட்டகக் (35 மி.மீ. ஃபிலிம் அளவு) கணக்கில் 1200, துளை எஃப் 7.5 என்று வரும். அதையே 60 மடங்குக்கு ஏற்றினால் எஃப் 15 ஆகிவிடும். கேமரா மாறினாலும், கரைவெட்டிப் பயணி சொன்ன அதே சுவரில்தான் போய் முட்டுகிறோம். உங்கள் தொகைக்குள் இது வராது என்பதால் நீட்டவில்லை.

கைப்பேசியே போதும். அதற்கு மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, இரண்டு மூன்று கேமராக்கள் உள்ள கைப்பேசி, அருகில் ஏதோ இருக்கிறது என்று எண்ணித் தானாகவே வேறொரு கேமராவுக்குத் தாவிவிடும். திரை திடீரெனக் கருத்துப்போனால் அதுதான் காரணம். தானியங்கி மாற்றத்தை நிறுத்திவிட்டு முதன்மைக் கேமராவையே தேர்ந்தெடுங்கள். அடுத்தது அடாப்டர். எல்லாக் கைப்பேசிக்கும் பொருந்தும் மூன்று கவ்விகள் கொண்ட மலிவான அடாப்டர் ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டர் நகரும். உங்கள் கைப்பேசி மாடலுக்கென்றே அச்சில் வார்த்த உறையும், கண்வில்லையின் வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் வளையமும் சேர்ந்த வகை சற்று விலை கூடினாலும் இரண்டு நொடியில் மாட்டிக் கழற்றலாம். பறவை இலங்கைக்குப் போகாது. மூன்றாவது எச்சரிக்கை, திரையைத் தொட்டு எடுக்காதீர்கள் என்பது. 40 மடங்கில் ஒரு விரல் தட்டலே நிலநடுக்கம். சிறிய புளூடூத் பொத்தானோ, 2 நொடி டைமரோ போதும்.

எழுத்தைப் படிப்பதற்கு நான் படமே எடுப்பதில்லை. ஒரு நிமிடம் 4கே காணொளி எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சட்டகம் சட்டகமாக நகர்த்திப் பார்ப்பேன். ஒவ்வொரு சட்டகமும் ஏறத்தாழ 8 மெகாபிக்சல் படம். கானல் அலை ஒரு கணம் அடங்கும்போதும், பறவை காலை நேராக ஊன்றும்போதும் ஒரு சட்டகமாவது கூர்மையாக விழுந்திருக்கும்.


கரைவெட்டிப் பயணி எழுதியது:

கானல் என்ற சொல்லை எடுத்துவிட்டதால் அதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கோடியக்கரையில் பணத்தைக் கொட்டியும் வெல்ல முடியாத ஒரே எதிரி அதுதான். வெயில் ஏறத் தொடங்கியதும் உப்பளப் பாத்திகளின் மேலும் காய்ந்த சேற்றின் மேலும் வெவ்வேறு வெப்பத்தில் காற்று கிளம்பி, ஒளியை நொடிக்கொரு திசையில் வளைக்கிறது. காலை எட்டரைக்குப் பிறகு 200 மீட்டர் தொலைவிலுள்ள பூநாரை, நீருக்கடியில் நிற்பதுபோல் நெளியும். பல இலட்சம் ரூபாய் ஸ்வரோவ்ஸ்கியை வைத்தாலும் அந்த நெளிவைத்தான் பெரிதாக்கிக் காட்டும். விடிந்தவுடன் முதல் இரண்டு மணி நேரம், ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மேகமூட்டமான நாட்கள், தரையை ஒட்டி உட்காராமல் கரையின் மேல் நிற்பது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பறவைக்கு அருகில் இருப்பது ஆகியவையே மருந்து. 60 மீட்டரில் நிற்கும் பறவையை 40 மடங்கில் பார்ப்பது ஒன்றரை மீட்டரில் பார்ப்பதற்குச் சமம். சில மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்தை அங்கிருந்து படித்துவிடலாம். அதற்காகக் கூட்டத்தை நோக்கி நடக்காதீர்கள். ஓத நீர் ஏறும்போது பறவைகள் தாமாகவே நம் பக்கம் ஒதுங்கும் இடத்தை அறிந்து, முன்னதாகவே போய் நின்றுவிடுவதுதான் முறை.


பாமணியாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஈ.டி. ஆடியுள்ள 65 மி.மீ. சாய்ந்த ஸ்கோப், கைப்பேசி அடாப்டர் என்று ஏறத்தாழ முடிவு செய்துவிட்டேன். பேருந்தில் திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று மாறி மாறிப் போக வேண்டியிருப்பதால் எடையும் ஒரு காரணம். முக்காலிக்கு எவ்வளவு ஒதுக்குவது? வீட்டில் கேமராவுக்கு வாங்கிய மெல்லிய முக்காலி ஒன்று இருக்கிறது. உப்புக் காற்று, பூஞ்சை இரண்டைப் பற்றியும் அச்சமாக இருக்கிறது. என் பைனாகுலரின் ஒரு கண்ணில் ஏற்கெனவே சிலந்தி வலைபோல் படர்ந்துவிட்டது.


நாகைக் காற்று எழுதியது:

ஸ்கோப்தான் என்று முடிவாகிவிட்டதால் என் பங்குக்கும் சொல்கிறேன். கடலோரத்தில் இருபது ஆண்டுகளாகக் கண்ணாடிகளைக் காப்பாற்றி வருபவன் நான்.

அந்த மெல்லிய முக்காலியை மறந்துவிடுங்கள். வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனையில் காற்று ஓய்வதே இல்லை. மொத்தத் தொகையில் நான்கில் ஒரு பங்கையாவது கால்களுக்கும் தலைக்கும் (ஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் மேல்பகுதி) ஒதுக்குங்கள். தலை என்பது பந்து வடிவத் தலை அன்று. எண்ணெய் இழுவையுள்ள வீடியோ தலை. பந்துத் தலையில் ஸ்கோப் முன்பக்கம் சரிந்துகொண்டே இருக்கும். கைப்பேசியை மாட்டியதும் எடை பின்பக்கம் ஏறிவிடுவதால், நீளமான அடித்தட்டு வாங்கி ஸ்கோப்பைச் சற்று முன்னால் தள்ளிப் பொருத்துங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், முதுகுப்பையை அதில் தொங்கவிடுங்கள். சேற்றில் கால்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் புதைந்து, ஃபோகஸ் செய்த பறவை மெல்ல மெல்லச் சட்டகத்தை விட்டு நகரும். இதற்கென்று விற்கும் எந்தப் பொருளும் தேவையில்லை. மூன்று கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்துக் கால்களுக்கடியில் வைத்தால் போதும்.

நைட்ரஜன் நிரப்பி அடைத்த ஸ்கோப்பாக வாங்கினால் உள்ளே ஈரம் புகாது, உட்புறப் பூஞ்சைக்கு வாய்ப்பு குறைவு. வெளிக்கண்ணாடியில் உப்புத் துகள் படிந்திருக்கும்போது துணியால் துடைத்தால் அது அரம்போல் கீறும்; முதலில் காற்றூதியால் ஊதி, பிறகு நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றி எடுங்கள். வீட்டில் பீரோவுக்குள் துணிகளோடு வைக்காதீர்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, நிறம் மாறியதும் வாணலியில் இலேசாக வறுத்து மீண்டும் போடுங்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்பவர்கள் தவிட்டுத் தூசியை மறந்துவிடுகிறார்கள். தோல் உறையில் போட்டுப் பூட்டிவைத்தால் மழைக்காலம் முடியுமுன் பூஞ்சை குடியேறிவிடும்.


பாமணியாற்றங்கரை எழுதியது:

மார்கழி முதல் வாரம். புரட்டாசியில் தொடங்கிய கேள்விக்கு என் அனுபவத்தையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஸ்கோப்பை வாங்கிய மறுநாளே கோபுரக் கலசத்தில் சோதித்தேன். 30 மடங்கு வரை ஊதா இல்லை, 45-க்கு மேல் மெல்லிய கசிவு தெரிகிறது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வடுவூரில் பதினோரு மாணவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். பைனாகுலரில் வெறும் பழுப்புப் புள்ளிகளாக எனக்குத் தெரிந்து வந்த கூட்டத்தில், ஊசிவால் வாத்தின் கழுத்தோரம் ஏறும் வெள்ளைக் கோட்டை ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திதான் முதலில் கண்டு சொன்னாள். கைப்பேசிப் படங்களில் முதல் நாள் எல்லாம் வெளிறிப்போயின. வெண்கொக்குகளுக்கு ஒளியளவைச் சற்றுக் குறைத்து வைத்த பிறகே இறகுகள் தெரிந்தன. ஸ்கோப்பில் முதலில் கண்ணால் ஃபோகஸ் செய்துவிட்டு, கைப்பேசியை மாட்டியபின் திரையில் மறுபடி நுண்ணியதாகத் திருக வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை, நானாகக் கற்றுக்கொண்டேன்.

சென்ற ஞாயிறு விடியற்காலையில் கோடியக்கரையில், கொட்டாங்குச்சிகளின் மேல் முக்காலியை நிறுத்திக் காத்திருந்தேன். ஓதம் ஏற ஏற உள்ளான்கள் ஐம்பது அறுபது மீட்டர் வரை நெருங்கி வந்தன. அவற்றில் ஒன்றின் காலில் கொடி இருந்தது. 40 மடங்கில் மூன்று நிமிடக் காணொளி எடுத்து, இரவு முழுவதும் சட்டகம் சட்டகமாக நகர்த்திப் பார்த்ததில் மூன்று எழுத்துகளில் இரண்டு ஐயமில்லாமல் தெரிந்துவிட்டன. மூன்றாவதன் மேல் சேறு ஒட்டியிருக்கிறது. கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையமிட்டு வரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அரைகுறையாக எழுதுவதா, காத்திருப்பதா என்று யோசித்து, காத்திருப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். நேற்றும் அந்தப் பறவை அதே திட்டில்தான் மேய்ந்துகொண்டிருந்ததாக உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர் சொன்னார். சனிக்கிழமை முதல் பேருந்தில் மறுபடியும் போகிறேன்.